பேச்சு புரியாததற்குச் சத்தம் காரணமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் தேவகோட்டை அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் வைத்தார்களாம். கடைசி வரை உட்கார்ந்திருந்தும் நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னார் என்றே அவருக்குப் புரியவில்லையாம். மைக் செட்டுக்காரர்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் பட்ட பாடு உண்மைதான், கேட்ட மருந்துதான் வேறு. சத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. குறைவான சத்தத்தில் புரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அன்றைக்குக் குறைத்திருக்க வேண்டியது எக்கோவை.

நான் கோட்டையூரில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். பையனாக இருந்தபோது மைக் செட்டில் மரத்துக்கு மரம் ஏறிக் குழாய் கட்டியவன். அப்புறம் சென்னையில் ரெக்கார்டிங் தியேட்டர் ஒன்றில் உதவியாளாக இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். திருவிழாப் பந்தலும் தெரியும், குளுகுளு அறையும் தெரியும். அந்தத் துணிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கேபிள் மாட்டுவது பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது வீட்டிலேயே ஸ்டூடியோ போடுகிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும்.

நாங்கள் எக்கோ என்று பொதுவாகச் சொல்லும் சாமானுக்கு ஸ்டூடியோவில் பெயர் ரிவெர்ப். ஒரு பெரிய கூடத்தில் கை தட்டினால் தட்டிய சத்தம் உடனே நிற்காமல் சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டுத் தேய்ந்து மறையும் அல்லவா? அந்த வாலை அறை இல்லாமலேயே உண்டாக்கித் தருகிற மெஷின் அது. ஆரம்பத்தில் மெஷினே கிடையாது. காலி அறை ஒன்றில் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்துப் பூட்டிவிடுவார்கள், குரலை உள்ளே அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்வார்கள். 1957இல் ஜெர்மனியின் இ.எம்.டி. கம்பெனி 140 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தகடு. அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதிரவைத்தார்கள். பெட்டியோடு சேர்த்து 270 கிலோ போல இருக்கும். 1976இல் அதே கம்பெனி 250 என்ற டிஜிட்டல் மெஷினை விட்டது. 1978இல் அமெரிக்காவிலிருந்து லெக்சிகான் 224 வந்தது. இன்றைக்கு அந்த வேலையை ஒன்றே முக்கால் அங்குல உயரத் தகரப் பெட்டி செய்கிறது. மைக்குகளின் சத்தத்தைக் கலந்து அளவு வைக்கிற சின்ன மிக்சரிலும் அது ஒரு பொத்தானாக உட்கார்ந்திருக்கிறது. சனி பிடித்தது அங்கேதான். 270 கிலோவைத் தூக்கிக்கொண்டு யாரும் பட்டிமன்றத்துக்கு வரமாட்டார்கள். பொத்தானைத் திருக எல்லோராலும் முடியும்.

செட்டிநாட்டில் இந்தப் பொத்தானுக்குத் தேவையே கிடையாது என்பது என் கட்சி. நம் வீடுகளையும் மண்டபங்களையும் பாருங்கள். கீழே ஆத்தங்குடிக் கல், இல்லையென்றால் பளிங்கு. சுவரில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. மேலே மெட்ராஸ் தளம். நடுவில் கருங்கல் தூண்களோ பர்மாத் தேக்குத் தூண்களோ. இதில் எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. வந்ததை வந்தபடி திருப்பி அனுப்பும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை என்று 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் பொறுப்பை விட்டார்கள். வார்த்தை ஒன்றைச் சொன்னால் அடங்க ஐந்தரை வினாடி ஆகிறது. அவர் பக்கத்துத் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் நடப்பில் இருக்கிறது: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இறங்க ஆகும் நேரம் கிடைக்கும்.

நம் ஊர்க் கல்யாணக் கூடம் ஒன்றுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 1,200 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 760 சதுர மீட்டர். பூச்சும் கல்லும் பட்ட சத்தத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் உறிஞ்சும். ஆக உறிஞ்சும் பரப்பு 19 சதுர மீட்டர் தேறும். கதவெல்லாம் சாத்தியிருந்தால் சத்தம் அடங்கச் சுமார் 10 வினாடி. அதே கூடத்தில் 200 பேர் வந்து உட்காரட்டும். ஆளுக்கு ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் என்று 100 கூடுகிறது. இப்போது ஒன்றரை வினாடிக்குக் கொஞ்சம் மேல். மெத்தை வேலையைப் பட்டுச் சேலையும் வேட்டியும் செய்துவிடுகின்றன!

திறந்த வளவு, அதாவது வீட்டின் நடு முற்றமும் சுற்றியுள்ள தாழ்வாரமும், இதற்கு நேர் எதிர். மேலே வானம் என்பதால் போன சத்தம் திரும்பாது. நடு முற்றத்தில் நின்று பேசினால் பேச்சு துல்லியமாக இருக்கும், பட்டாலை என்கிற ஓரத் திண்ணைப் பக்கம் போகப் போகத்தான் கலங்கும். வளவுக்கு மேலே தகரம் போட்டு அடைத்த வீடுகளில் விசேஷத்துக்கு மைக் கட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். சாயங்காலம் 4 மணிக்கு ஆள் வந்து காலி மண்டபத்தில் 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' சொல்கிறார். மண்டபமே 10 வினாடி முழங்குகிறது. அந்த முழக்கத்துக்கு மேலே அவர் மிக்சரில் 3 வினாடி எக்கோவையும் சேர்க்கிறார், குரல் கம்பீரமாக வருகிறதாம். 'தம்பி, எக்கோ கொஞ்சம் தூக்கலா வைங்க, அப்பத்தான் சினிமா மாதிரி இருக்கும்' என்று கமிட்டியிலிருந்து ஒருவர் வேறு சொல்லிவிட்டுப் போவார். ராத்திரி பேச்சாளர் வருகிறார். வேகமாகப் பேசுகிறவர், அடுக்குமொழிக்காரர். ஒரு சொல்லின் வால் அடங்குமுன் அடுத்த நாலு சொல் வந்து அதன் மேல் உட்காருகிறது. கூட்டத்தில் பின்வரிசை முணுமுணுக்கிறது. உடனே மைக் செட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டுகிறார். சத்தத்தோடு வாலும் அதே அளவு கூடுகிறது. உங்கள் வாசகர் பட்ட பாடு இதுதான்.

தமிழுக்கு இது இன்னும் கெடுதல். 'பாட்டு' என்று சொல்லும்போது அந்த ட்-டுக்கு முன்னால் நாக்கு மேலே ஒட்டி நிற்கிற ஒரு சின்ன மௌனம் இருக்கிறது, வினாடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். 'பாடு' என்றால் அந்த நிறுத்தம் இல்லை. 'பத்து', 'அக்கா', 'அத்தை', 'செட்டி' என்று நம் வல்லின ஒற்று எல்லாம் அந்த மௌனத்தில்தான் நிற்கிறது. ரிவெர்பின் வால் போய் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் பாட்டு பாடாகிவிடும். 3 வினாடியில் 60 டெசிபல் இறங்குகிற வால் அந்தச் சின்ன நிறுத்தத்துக்குள் 2 டெசிபல்தான் இறங்கியிருக்கும். அதாவது இறங்கவே இல்லை என்று அர்த்தம். புதிதாக மெஷின் வாங்கிய பிள்ளைகள் இங்கிலீஷ் வீடியோவைப் பார்த்து எண்களை அப்படியே வைக்கிறார்கள். அந்த எண்கள் அவர்கள் பாட்டுக்குச் சரி. நம் வல்லினத்தைக் காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது சென்னையில் மூடிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வந்த பழைய அமெரிக்கச் சரக்கு. கம்பெனி பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். இப்படி இறக்குமதிச் சரக்கு எதை வாங்கினாலும் பிளக்கை மாட்டும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய மெஷின் பலவற்றில் 115, 230 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் தள்ளுகிற மாதிரி. 115இல் இருக்கும்போது நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் பவர் சப்ளை அந்த நிமிஷமே புகையும். ஸ்விட்ச் இல்லாமல் 115 என்று மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்டெபிலைசர் வையுங்கள். ராத்திரி மோட்டார் ஓடுகிற நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் விழுகிற விழுச்சிக்கு அது இல்லாமல் முடியாது. நடுப் பதிவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆகையால் யூ.பி.எஸ்.ஸும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உம்ம் என்று ஹம்மிங் வருகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் உயிரோடு விளையாடுகிற வேலை அது. மிக்சரும் ரிவெர்பும் வெவ்வேறு இடத்தில் கரண்ட் எடுத்தால்தான் பெரும்பாலும் ஹம்மிங் வரும். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால், பேலன்ஸ்டு கேபிளில் ஒரு முனையில் மட்டும் ஷீல்டை (உள் கம்பிகளைச் சுற்றிய வலைக் கம்பியை) இணைக்காமல் விடலாம், எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் அது 1ஆம் நம்பர் பின். கரண்ட் எர்த்தில் கை வைக்கவே கூடாது. ரேக்கில் பவர் ஆம்ப்புக்கு ஒட்டி ரிவெர்பை வைக்காதீர்கள். ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் உள்ளே வரும். மேலே ஒரு தட்டு காலியாக விடுங்கள், காரைக்குடிச் சித்திரை வெயிலில் அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும்.

அடுத்தது இணைப்பு. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். மைக் கேபிளை ரிவெர்புக்குள் விட்டு, அங்கிருந்து மிக்சருக்குக் கொண்டுவருவது கிதார்க்காரர் பழக்கம். ஸ்டூடியோவில் அப்படி இல்லை. குரல் நேராக மிக்சருக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஆக்ஸ் செண்ட் என்ற கிளை வழியாகக் குரலின் ஒரு நகலை மட்டும் மெஷினுக்கு அனுப்புகிறோம். மெஷினின் இரண்டு அவுட்புட்டும் மிக்சரின் தனி இரண்டு சேனலுக்கு வர வேண்டும், ஒன்று முழு இடது, ஒன்று முழு வலது. மெஷினில் மிக்ஸ் என்று இருப்பதை 100 சதவீதம் வெட், அதாவது வால் மட்டும், என்று வைத்துவிட வேண்டும். அசல் குரலையும் அது கலந்து அனுப்பினால், டிஜிட்டல் மெஷினுக்குள் போய்வர ஆகும் ஓரிரு மில்லிசெகண்ட் தாமதத்தில் அசலும் நகலும் ஒன்றை ஒன்று வெட்டி, குரல் தகர டப்பாவாகிவிடும்.

செண்டைப் போஸ்ட் ஃபேடரில் வையுங்கள், அதாவது குரலை ஏற்றி இறக்கும் ஃபேடர் என்ற தள்ளு குமிழுக்குப் பிறகு நகல் பிரியட்டும். ஃபேடரை இறக்கும்போது எக்கோவும் கூடவே இறங்கும். ஃபேடருக்கு முன்னேயே பிரிகிற ப்ரீயில் விட்டால் பாடியவர் வெளியே போன பிறகும் அவர் ஆவி பாடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, ரிவெர்ப் திரும்பி வருகிற அந்த இரண்டு சேனலிலும் அதே ஆக்ஸ் குமிழைப் பூஜ்யத்தில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் வால் தன்னையே விழுங்கிக்கொண்டு கூவ ஆரம்பித்துவிடும்.

லெவல். பின்பக்கம் பிளஸ் 4, மைனஸ் 10 என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால், புரொபஷனல் மிக்சருக்குப் பிளஸ் 4, வீட்டு உபயோகச் சாமானுக்கு மைனஸ் 10. முன்னது ஒன்றே கால் வோல்ட்டை ஒட்டி, பின்னது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. மாற்றி வைத்தால் ஒன்று இரைச்சல் தூக்கும், அல்லது சிவப்பு விளக்கு நிற்காமல் எரியும். பாட்டிலேயே உச்சமான இடத்தைப் பாடச் சொல்லி, மஞ்சள் எப்போதாவது மின்னுகிற அளவில் நிறுத்துங்கள். பழைய டிஜிட்டல் மெஷினில் சிவப்புத் தொட்டால் வருகிற கரகரப்பு, வாலோடு சேர்ந்து பல மடங்காகக் கேட்கும்.

அப்புறம்தான் குமிழ்கள். ஒரு வேலையைச் சொன்னால் விளங்கும். பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து வயதான ஆச்சி ஒருவரைத் தாலாட்டுப் பாட அழைத்து வந்தார்கள். பேரன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். 'ஆச்சி குரல் கோயில்ல பாடுற மாதிரி வரணும்ணே' என்றார். என் அறை வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கிறது. சுவருக்கு அரையடி தள்ளி ஜமுக்காளமும் மெத்தையும் தொங்கும். மேலே பழைய கண்டாங்கிச் சேலைகளை மடித்து விட்டிருக்கிறேன், பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் மறுப்பதில்லை. ஆக அங்கே பதிவாகிற குரல் சுத்தமாக, உலர்ந்து இருக்கும். கோயில் வேண்டும் என்றதால் பேரன் மனம் கோணாமல் பெரிய கூடம் மாதிரி ஒலிக்கிற ஹால் புரோகிராமில் வாலை 4 வினாடி வைத்து ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். ஆச்சி கேட்டுவிட்டு, 'யாரோ கெணத்துக்குள்ள விழுந்து பாடுற மாதிரியில்ல இருக்கு தம்பி' என்றார். பேரன் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

ஹாலை விட்டுச் சின்ன அறை புரோகிராமுக்கு வந்தேன். டிகே, அதாவது வால் அடங்கும் நேரம், 1.4 வினாடி. அந்த ஒற்று மௌனத்தில் வால் 4 டெசிபல் போல இறங்கும், அது போதாது, அதனால் ரிவெர்ப் திரும்பி வருகிற ரிட்டர்ன் ஃபேடரைக் குரலை விட 15 டெசிபல் கீழே இறக்கினேன். மாமன் கொண்டுவந்த தட்டு, அத்தை போட்ட தொட்டில் என்று அவர் பாட்டு முழுக்கச் சாமான் பட்டியல்தான். அந்தத் தட்டில் 'ட்டு' விழுகிற இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டி, அது கறாராகக் கேட்கிற வரை இறக்கிக்கொண்டே போனேன்.

ப்ரீ டிலே 40 மில்லிசெகண்ட். குரல் முதலில் தெளிவாக வந்துவிடும், அறை கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொல்லும். சத்தம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும் என்பதால் 40 மில்லிசெகண்ட் என்பது 14 மீட்டர் போய்வந்த சத்தம், 7 மீட்டரில் ஒரு சுவர் இருக்கிற மாதிரி. நம் வளவில் பட்டாலையில் உட்கார்ந்து பாடினால் எதிர்ச் சுவர் அந்தத் தூரத்தில் இருக்கும் வீடுகள் உண்டு. காது அதை நம்புகிறது. 50, 60ஐத் தாண்டிவிட்டால் பேச்சு தனித்தனியாக இரண்டு முறை கேட்கத் தொடங்கும்.

லோ கட் 200 ஹெர்ட்ஸ். மெஷினுக்குள் போகும் முன்னேயே அடிச் சத்தத்தை வெட்டிவிடுங்கள், பெண் குரலுக்கு இது நிச்சயம். தொட்டில் கம்பி ஆடுகிற சத்தம், காலை நகர்த்துகிற சத்தம், பேன் உறுமல் எல்லாம் அடியில்தான் இருக்கிறது. அதற்கெல்லாம் வால் எதற்கு? ஹை டேம்பிங்கை 4 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து அடக்கினேன். உண்மையான கூடத்திலும் உச்ச ஸ்வரம் முதலில் செத்துவிடும். அடக்காமல் விட்டால் ஒவ்வொரு 'ச'வுக்கும் பின்னால் பட்டாசுத் திரி எரிகிற மாதிரி ஸ்ஸ்ஸ் என்று ஒரு இழை வரும். ஆச்சிக்குப் பல் இல்லாததால் 'ச'வே ஒரு தினுசாகத்தான் வந்தது, அது தனி அழகு.

மற்றதற்கெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓதுவார் விருத்தமாகப் பாடும் தேவாரத்துக்கு இரண்டரை வினாடி வரை போகலாம். அவர் இழுத்து நிறுத்துகிற இடங்களில் வால் தங்க இடம் இருக்கிறது. தவிலுக்கு அரை வினாடிச் சின்ன அறை. வீணைக்கு மிகக் குறைவு. காரைக்குடி சாம்பசிவ ஐயர் வாசித்த ஊரில் கமகத்தை எக்கோவில் கரைப்பது பாவம். நாகஸ்வரத்துக்கு ரிவெர்ப் போடுகிறவரை நான் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

செய்த அமைப்பை மெஷினில் சேமிப்பதோடு, நோட்டிலும் எழுதி வையுங்கள். பழைய மெஷின்களில் நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் வைத்ததெல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும். சில மெஷின்களில் அதைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், தெரிந்த மெக்கானிக்தான் மாற்ற முடியும். நான் செட்டியார் கடைப் பேரேடு மாதிரி நீள நோட்டு ஒன்று போட்டு, இன்னார் பாட்டுக்கு டிகே இவ்வளவு, ப்ரீ டிலே இவ்வளவு, ரிட்டர்ன் இவ்வளவு என்று வரவு வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சோதனை நம் ஊருக்கென்றே உரியது. ஸ்டூடியோவில் இரண்டு ஸ்பீக்கரில் ஜொலிக்கிற பாட்டு, கடைசியில் ஒலிக்கப்போவது எங்கே? கோயில் வாசலில் வேப்பமரத்துக் குழாயில். அது மோனோ. இடது வலது இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கும்போது சில மெஷின்களின் வாலில் ஒரு பகுதி ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். சிலவற்றில் நிறம் மாறும். குழாயோ அடிச் சத்தத்தையும் காட்டாது, உச்சியையும் காட்டாது, நடுவில் இருப்பதை மட்டும் கத்தும். அதனால் மிக்ஸ் முடிந்ததும் மோனோ பொத்தானை அமுக்கி ஒரு தடவை கேளுங்கள். நான் ஒரு பழைய குழாயையே முற்றத்தில் கட்டி வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிறார்.

இனி உங்கள் வாசகரின் திருவிழாவுக்குத் திரும்புவோம். மெஷினில் எக்கோவே போடாமல் இருந்தும் எக்கோ வருகிற ஒரு வகை உண்டு. அது தெருவில் கட்டுகிற குழாய்களால். மேடைப் பக்கம் ஒன்று, கடைத்தெரு முனையில் ஒன்று, ஊருணிக் கரையில் ஒன்று என்று வரிசையாகக் கட்டுகிறோம். கம்பி வழியே போகிற மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. காற்று வழியே வருகிற சத்தம் அப்படி வராது. 100 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயின் சத்தம் உங்கள் காதுக்கு வர 0.3 வினாடி ஆகும். அதற்குள் பேச்சாளர் அடுத்த சொல்லைச் சொல்லி முடித்திருப்பார். பெரிய கூட்டங்களில் தூரத்து ஸ்பீக்கருக்கு அதே அளவு தாமதம் கொடுத்து அனுப்புகிற டிலே மெஷின் வைக்கிறார்கள். நம் திருவிழாவுக்கு அவ்வளவு செலவு முடியாது என்றால், கூட்டம் உட்கார்ந்திருக்கிற திசையைப் பார்த்து மட்டும் குழாயைத் திருப்பி, தூரத்துக் குழாய்களைப் பேச்சு நேரத்தில் நிறுத்திவிடலாம். ஊருணிக் கரையில் யாரும் பட்டிமன்றம் கேட்பதில்லை.

விழாக் கமிட்டி அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக் செட்டுக்காரருக்குச் சோதனை பார்க்கக் கூட்டம் வந்த பிறகு கால் மணி நேரம் கொடுங்கள். காலி மண்டபத்தில் வைத்த அளவு, நிறைந்த மண்டபத்துக்கு ஆகாது என்பதற்கு மேலே கணக்கே போட்டிருக்கிறேன். முதலில் வாழ்த்துப் பா பாடுகிற பிள்ளைகளை வைத்தே சரி பார்த்துவிடலாம். அப்புறம், அவருக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசுகிற ஆர்வத்தில் பாதியைச் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்பதிலும் காட்டலாம். போன வருஷம் ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் போடக் காசு இருந்தது, மைக் கட்டியவருக்கு ராத்திரிச் சாப்பாடு சொல்ல ஆள் இல்லை. எந்த மண்டபம் என்று எழுத மாட்டேன்.

மைக் செட் நடத்தும் அண்ணன் தம்பிகள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படம் எடுக்கப்பட்டது நம் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தா ஸ்டூடியோவில். கம்பன் விழா 1939 முதல் நடக்கிற ஊர். பேச்சையும் பாட்டையும் கேட்டுப் பழகிய காது இது, அதற்குத் தகுந்த மாதிரி நாம் கட்ட வேண்டும். எக்கோ பாட்டுக்கு வேண்டும் என்றால் பாட்டு நேரத்தில் வையுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். பேச்சுக்கு மாறும்போது எடுத்துவிடுங்கள்.

தேவகோட்டை அன்பருக்கு. அடுத்த திருவிழாவில் பேச்சு புரியாவிட்டால், எழுந்து போய் மிக்சர் பக்கம் நில்லுங்கள். பெரும்பாலான மிக்சர்களில் எஃபெக்ட் ரிட்டர்ன் என்றோ எஃப்.எக்ஸ். என்றோ எழுதிய ஒரு ஃபேடர் வலது ஓரத்தில் இருக்கும், பக்கத்திலேயே ம்யூட் பொத்தானும் இருக்கும். 'அண்ணே, பேச்சு முடியிற வரைக்கும் இத மட்டும் அமுக்கி வைங்க' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கூட ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தால் நிச்சயம் செய்வார்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர்,
கோட்டையூர்.

(பெயரை வெளியிட வேண்டாம். மெஷின் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் கல்யாண வீடியோவுக்கு எக்கோ போட்டுத் தரச் சொல்லி வரிசையில் வந்து நிற்பார்கள்.)